விருது மேடையில் பேச வேண்டிய பேச்சு: கணினிப் பாதுகாப்பு, கணினிப் பார்வை ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும்,

வணக்கம். கடவுச்சொல், குறியாக்கம், முக அடையாளம், வீடியோவில் ஆட்களைப் பின்தொடர்தல் என்று பல துறைகளில் நீங்கள் ஆய்வு செய்கிறீர்கள். சிலர் சென்னையிலும் கோவையிலும் இருக்கிறீர்கள், சிலர் பெங்களூரு, ஹைதராபாத் என்று போய்விட்டீர்கள், இன்னும் சிலர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறீர்கள். உங்களில் பலர் விருது வாங்குகிறீர்கள். அதைவிட அதிகம் பேர் விருதுக்குரியவரைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் உட்காருகிறீர்கள். இந்த இரு தரப்பாரிடமும் ஒரு கோரிக்கை வைக்கத்தான் இந்த மடல். உங்கள் ஆய்வு கண்காணிப்புக்குப் பயன்படக்கூடியது என்றால், அதற்குப் பாராட்டுக் கிடைக்கிற அன்றே, பாராட்டுகிறவர்கள் முன்னாலேயே, அதைப் பற்றிப் பேசுங்கள்.

2013 ஜூலையில் நடந்தது பாதுகாப்புத் துறைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏ, அந்த ஆண்டு முதல்முறையாக, சிறந்த இணையப் பாதுகாப்பு ஆய்வுக் கட்டுரைக்கு ஒரு விருது கொடுத்தது. 2012இல் வெளிவந்த கட்டுரைகளிலிருந்து தேர்வானது ஜோசப் போனோ எழுதியது. கேம்பிரிட்ஜில் அப்போதுதான் முனைவர் பட்டம் முடித்திருந்த இளைஞர். யாஹூ பயனர்கள் சுமார் 7 கோடிப் பேரின் கடவுச்சொற்கள் எவ்வளவு எளிதாக ஊகிக்கக்கூடியவை என்று அளந்து பார்த்தது அந்தக் கட்டுரை.

அவர் அளந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கோரிக்கையின் பாதி அதில்தான் இருக்கிறது. 7 கோடிப் பேரின் கடவுச்சொற்களை ஆராய்ந்த அவர், அவற்றில் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. 2011 மே மாதத்தில் இரண்டு நாள், பயனர்கள் உள்நுழையும்போதே கடவுச்சொல் ஒரு ரகசிய எண்ணோடு சேர்த்துக் குழப்பப்பட்டு, திரும்ப அவிழ்க்க முடியாத ஹேஷாக மாறியது. எந்த ஹேஷ் எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கை மட்டும் வயது, மொழி போன்ற பிரிவுகள் வாரியாகச் சேர்ந்தது. கணக்கெடுப்பு முடிந்ததும் அந்த ரகசிய எண்ணையே அழித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது எண்ணிக்கைப் பட்டியல் மட்டும்தான். அதை யார் திருடினாலும் ஒரு கடவுச்சொல்லும் கிடைக்காது.

முடிவுகள் சங்கடமானவை. அவசரமாக எல்லாக் கணக்குகளிலும் சில ஊகங்களைப் போட்டுப் பார்க்கிற தாக்குதலுக்கு எதிராகக் கடவுச்சொல் தருகிற பாதுகாப்பு 10 பிட்டுக்கும் குறைவு. அதாவது ஆயிரம் சாவிகளில் ஒன்று என்ற அளவுக்குக்கூட வராது. இளைஞர், முதியவர், இந்த நாட்டார், அந்த மொழிக்காரர் என்று எந்தப் பிரிவை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. பணம் செலுத்தும் அட்டையைப் பதிவு செய்து வைத்திருந்தவர்களிடமும் பெரிய முன்னேற்றம் தெரியவில்லை. வெகு தொலைவிலுள்ள மொழிக்காரர்கள்கூட ஒரே மாதிரியான பலவீனமான சொற்களைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். விருதுக்கு முழுத் தகுதியுள்ள வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் விருது வந்த நேரத்தைப் பாருங்கள். ஜூன் முதல் வாரத்தில்தான், என்எஸ்ஏவில் ஒப்பந்த ஊழியராக இருந்த எட்வர்ட் ஸ்னோடன் கொடுத்த ஆவணங்கள் வெளியாகத் தொடங்கியிருந்தன. கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் தொலைபேசி விவரங்களை, யார் யாருடன் எப்போது எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பதை, என்எஸ்ஏ மொத்தமாக வாரிக்கொண்டிருந்தது உலகுக்குத் தெரிந்தது. சில வாரங்களில் அதே என்எஸ்ஏவிடமிருந்து விருது. போனோ விருதை ஏற்றுக்கொண்டார். அறிவியல் முறையில் பாதுகாப்பை ஆராய்வதை ஊக்குவிப்பது நல்லது என்று நன்றியும் சொன்னார். அதே கையோடு, தன் பெயரில், பொதுவெளியில் எழுதினார்: இந்த விருதைப் பற்றித் தனக்கு மனக்கலக்கம் இருக்கிறது; மொத்தமாகக் கண்காணிப்பதன் ஆபத்தை மக்களுக்கு எடுத்துச் சொல்ல நம் துறையினர் தவறிவிட்டோம்; இப்போதிருக்கும் வடிவில் உள்ள இப்படியொரு அமைப்பும் சுதந்திரமான சமூகமும் ஒத்துப்போக முடியும் என்று தான் நினைக்கவில்லை.

திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும் என்று அன்று சிலர் சொன்னார்கள், இன்றும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறுத்திருந்தால் அது ஒரு நாள் செய்தியாகப் போயிருக்கும், விருது அடுத்த தகுதியானவரிடம் அமைதியாகப் போய்ச் சேர்ந்திருக்கும். வாங்கிக்கொண்டு பேசியதால், என்எஸ்ஏவின் முதல் விருதைப் பற்றி யார் எழுதினாலும் அவர் சொன்னதையும் சேர்த்தே எழுத வேண்டியதாயிற்று. வேலை தேடும் வயதில் இருந்த ஒருவர் இதைச் செய்தார் என்பதை, நிரந்தரப் பதவியில் இருக்கும் பேராசிரியர்கள் கவனிக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

குறியாக்கவியல் துறை மொத்தமாகவே அப்புறம் கொஞ்சம் அசைந்தது. 2014 ஜனவரியில் அமெரிக்காவின் குறியாக்க, பாதுகாப்பு ஆய்வாளர்கள் 50க்கும் மேற்பட்டோர் மொத்தக் கண்காணிப்பைக் கண்டித்துக் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு கோபன்ஹேகனில் நடந்த யூரோகிரிப்ட் என்ற குறியாக்கவியல் மாநாட்டில், அத்துறையின் பன்னாட்டுச் சங்கம் அதற்கு எதிராகத் தீர்மானமே போட்டது. 2015இல் குறியாக்க ஆய்வாளர் ஃபிலிப் ரோகவே, நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த ஏசியாகிரிப்ட் மாநாட்டில் தமக்குக் கிடைத்த சிறப்புச் சொற்பொழிவு வாய்ப்பை முழுக்க முழுக்க ஒரே விஷயத்துக்குச் செலவிட்டார்: குறியாக்கம் யார் கையில் அதிகாரம் இருக்க வேண்டும் என்பதை மாற்றி அமைக்கிற வேலை, ஆகவே அதைச் செய்கிறவர்களுக்கு அறப்பொறுப்பு உண்டு என்பதற்கு. தேற்றங்களைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்க்கிற சபையில் அதைச் சொன்னார். கௌரவத்தை இப்படியும் பயன்படுத்தலாம்.

படங்களையும் வீடியோக்களையும் கணினி புரிந்துகொள்ள வைக்கிற கணினிப் பார்வைத் துறையின் கதை இவ்வளவு ஆறுதலாக இல்லை. அந்தத் துறையினருக்குத்தான் இந்த மடலில் அதிகம் சொல்ல இருக்கிறது.

2014 மார்ச் 19 அன்று, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக வளாகத்தில் 8 கேமராக்கள் 85 நிமிடம் ஓடின. வகுப்பு மாறும் நேரத்தில் நடந்துபோனவர்கள் 2,700க்கும் மேற்பட்டோர் அதில் பதிந்தார்கள். புத்தகப் பையோடு போகிறவர்கள், பேசிக்கொண்டே போகிறவர்கள். ஒரு கேமராவில் தெரிந்த ஆளை அடுத்த கேமராவில் மறுபடி கண்டுபிடிப்பது எப்படி என்ற ஆய்வுக்காக எடுத்த வீடியோ அது. பின்னர் அந்தத் தரவுத்தொகுப்பு கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்கிற மாதிரி வெளியிடப்பட்டது. அதை வைத்து உலகமெங்கும் கட்டுரைகள் குவிந்தன, சீனாவின் கண்காணிப்புத் தொழில்நுட்ப நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் எழுதியவை உட்பட. 2019இல், கண்காணிப்பை ஆராயும் கலைஞர் ஆடம் ஹார்வி போன்றவர்களின் தேடலாலும் பத்திரிகைச் செய்தியாலும் விஷயம் வெளியே வந்த பிறகே தொகுப்பு நீக்கப்பட்டது. ஆய்வுக்குத் தலைமை வகித்த கார்லோ டொமாசி, நெறிமுறைக் குழு அனுமதித்த எல்லையைத் தாண்டி வெளிப்புறத்தில் படமெடுத்ததையும், கட்டுப்பாடில்லாமல் பகிர்ந்ததையும் ஒப்புக்கொண்டு, மாணவர்களிடம் அவர்கள் பத்திரிகையிலேயே மன்னிப்புக் கேட்டார். நேர்மையான செயல்தான். ஆனால் நகல்கள் அதற்குள் எங்கெங்கோ போய்விட்டன. 2014இல் ஒரு நாள் வகுப்புக்கு நடந்துபோன பெண்ணின் நடையை, யாரோ ஒருவரின் அல்காரிதம் இன்றும் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டிருக்கலாம்.

போனோவின் தொகுப்பையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 7 கோடிப் பேரிடமிருந்து எடுத்தும் ஒருவரையும் காட்டிக்கொடுக்காத தொகுப்பு ஒன்று. 2,700 பேரிடமிருந்து எடுத்து எல்லோரையும் காட்டிக்கொடுத்த தொகுப்பு இன்னொன்று. பார்வைத் துறையில் முகத்தை மறைத்துவிட்டு ஆய்வு செய்வது எப்போதும் சாத்தியமில்லை, அது எனக்குத் தெரியும். அதனாலேயே சம்மதம் கேட்பதும், யாருக்குக் கொடுக்கிறோம் என்று பார்ப்பதும் அங்கே இன்னும் முக்கியமாகிறது.

ஜோசப் ரெட்மன் பெயர் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படத்தில் இருக்கும் பொருள்களையும் ஆட்களையும் உடனுக்குடன் கண்டறியும் யோலோ நிரலைப் படைத்தவர். உங்கள் ஆய்வகத்தில் அது ஓடாத கணினி இருக்குமா? அந்த வேலைக்கு, கணினிப் பார்வைத் துறையின் முன்னணி மாநாடான சிவிபிஆரில் 2016இல் பார்வையாளர் விருது, அடுத்த ஆண்டு அதன் தொடர்ச்சிக்குச் சிறந்த கட்டுரைப் பிரிவில் சிறப்புக் குறிப்பு. 2018இல் மூன்றாம் பதிப்பின் கட்டுரையை முடிக்கும்போதே, இதை என்ன செய்யப் போகிறோம் என்ற கேள்வியை வெளிப்படையாக எழுப்பினார். 2020 பிப்ரவரியில், ராணுவப் பயன்பாடும் அந்தரங்க உரிமைக் கவலையும் இனிப் பொருட்படுத்தாமல் விட முடியாத அளவுக்குப் போய்விட்டன என்று சொல்லி, கணினிப் பார்வை ஆய்விலிருந்தே விலகிவிட்டார்.

அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் அவர் விலகிய இரண்டே மாதத்தில் வேறு ஆய்வாளர்கள் நான்காம் பதிப்பை வெளியிட்டார்கள். இன்று அது எந்தப் பதிப்பில் நிற்கிறது என்று நீங்களே அறிவீர்கள். ஒரு நல்ல மனிதர் வெளியேறினால் அவர் நாற்காலி காலியாகும், துறை அப்படியே ஓடும். துறை மொத்தமும் கேட்கிற இடத்தில், கைதட்டல் நடக்கும்போதே, பல பேர் சேர்ந்து பேசியிருந்தால் அவர் தனியாக வெளியேற வேண்டி வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் ஓரிருவர் கதை என்று ஒதுக்க முடியாது. 2025இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, சிவிபிஆர் மாநாட்டின் 19,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளையும் அவற்றை மேற்கோள் காட்டிய 23,000க்கும் மேற்பட்ட காப்புரிமைகளையும் அலசியது. 1990களுக்கும் 2010களுக்கும் இடையே, கண்காணிப்புக் காப்புரிமைகளுக்கு வழிவிட்ட கட்டுரைகள் ஐந்து மடங்கு ஆகியிருக்கின்றன. “ஆய்வு வேறு, பயன்பாடு வேறு” என்று நம் துறைகளில் அடிக்கடி சொல்கிறோம். அந்தப் பேச்சை இனி இந்த எண்ணை வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். 2020 மார்ச்சில், டெல்லிக் கலவரத்துக்குப் பின், முக அடையாள மென்பொருளால் 1,100க்கும் மேற்பட்டோரைக் கண்டுபிடித்ததாக உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் தரவைப் பயன்படுத்தியதாகவும் சொன்னார். ஓட்டுநர் உரிமத்துக்குப் போட்டோ எடுக்க நின்றபோது இதற்குமா சம்மதம் கொடுத்தோம்? பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோது, 80 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் அதைப் பொருத்தம் என்று எடுத்துக்கொள்வதாக டெல்லி காவல் துறை பதில் தந்தது. 80 என்ற அந்த எல்லைக்கோடு எந்த வெளிச்சத்தில், எந்தத் தொலைவில், எப்படிப்பட்ட முகங்களில் எத்தனை தவறு தரும் என்று சொல்லக்கூடியவர்கள் நீங்கள்தான். ஒரு கான்ஸ்டபிளால் அதைச் சொல்ல முடியாது, நீதிபதிக்கும் நீங்கள் சொன்னால்தான் புரியும்.

தமிழ்நாட்டுக் காவல் துறையும் முக அடையாள மென்பொருளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2024 மே மாதம் அதன் தளத்துக்குள் வெளியார் ஊடுருவினார்கள் என்று செய்தி வந்தது. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், முகத்தை என்ன செய்வது?

நம்மிடையே நல்ல முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிய முடியுமா என்ற கேள்வி வந்தது. முடியும் என்று ஒரு வழிமுறையை எழுத்தில் முன்வைத்தார், பின்னாளில் சென்னை ஐஐடியின் இயக்குநரான பேராசிரியர் காமகோடி. அதை எளிதில் ஏமாற்ற முடியும், அந்தரங்கத்துக்கும் கேடு என்று மறுப்புத் தெரிவித்தார் மும்பை ஐஐடியின் பேராசிரியர் மனோஜ் பிரபாகரன். வழக்கு பின்னர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. முதலில் அனுப்பியவரைக் கண்டறிய வழி வேண்டும் என்ற விதி 2021இல் வந்தேவிட்டது. எனக்குப் பிரபாகரனின் வாதமே சரியாகப் படுகிறது. ஆனால் இருவருமே தங்கள் பெயரில், காரணங்களோடு, நீதிமன்ற ஆவணத்தில் பேசினார்கள். கண்காணிப்பின் தொழில்நுட்பத்தைப் பற்றிய விவாதம் இப்படி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நடப்பது நம் நாட்டில் அபூர்வம். கைப்பேசிகளை உளவு பார்க்கும் பெகாசஸ் நிரல் பற்றிய விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 2021இல் அமைத்த தொழில்நுட்பக் குழுவிலும் கல்வித்துறைப் பேராசிரியர்கள் இருந்தார்கள். ஆய்வுக்கு வந்த 29 கைப்பேசிகளில் 5இல் ஏதோ ஒரு தீய நிரல் இருந்ததாகவும், அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும், மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் 2022இல் நீதிமன்றத்திலேயே சொல்லப்பட்டது. குழுவின் முழு அறிக்கை மட்டும் மக்கள் கைக்கு வரவில்லை.

இனி, நான் தினமும் பார்க்கிற இடத்தைப் பற்றி. நான் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். எந்த ஊர்க் கல்லூரியில் புராஜெக்ட் எக்ஸ்போ நடந்தாலும், முகம் பார்த்து வருகைப்பதிவு போடுகிற புராஜெக்ட் குறைந்தது இரண்டு இருக்கும். மேசைமேல் ஒரு லேப்டாப், அதன் வெப்கேம், திரையில் உங்கள் முகத்தைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம், அதன்மேல் பெயர், பக்கத்தில், அது எவ்வளவு உறுதி என்று காட்ட 0.87 என்று ஓர் எண். பையன்களும் பெண்பிள்ளைகளும் இரவு முழுக்க முழித்து அதை ஓட வைத்திருப்பார்கள். நடுவராக வருகிறவர் கேட்பது: துல்லியம் எத்தனை சதவீதம், எந்த மாடல், வெளிச்சம் குறைந்தால் என்ன ஆகும். நல்ல கேள்விகள்தான். ஒருமுறை நான் ஒரு குழுவிடம் கேட்டேன், “சரிப்பா, இந்த அறுபது பேர் போட்டோவை எங்கிருந்து எடுத்தீங்க?” “டிபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப் டிபியில இருந்து மேடம்” என்று தயங்காமல் பதில் வந்தது. யாரிடமும் கேட்டீர்களா என்றேன். கேட்க வேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றியிருக்கவில்லை, ஏனென்றால் அதுவரை எந்த மதிப்பெண் தாளிலும் அப்படி ஒரு வரி இல்லை. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். ஷீல்டு எதற்குக் கிடைக்கிறதோ அதைத்தான் மாணவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

பெரிய மாநாடுகளிலும் இதே பழக்கம்தான். எந்தக் கட்டுரைக்குப் பரிசு என்று நீங்கள் முடிவு செய்யும்போது, அடுத்த பத்தாண்டு இளைஞர்கள் எதை ஆராய்வார்கள் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறீர்கள். ஆகவே தேர்வுக் குழுக்களில் இருப்பவர்களிடம் கேட்கிறேன்: படத்தில் இருப்பவர்கள் யார், அவர்களிடம் கேட்டார்களா, வேண்டாம் என்பவர் பெயரை நீக்க வழி உண்டா என்பதையும் துல்லியத்தோடு சேர்த்து மதிப்பிடுங்கள். இதற்குப் பதில் இல்லாத கட்டுரை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் அதற்குச் சிறந்த கட்டுரைப் பரிசு வேண்டாம். வெளியாகட்டும், விவாதிக்கப்படட்டும், மேடை மட்டும் ஏற வேண்டாம்.

விருது வாங்குகிறவர்களிடம் கேட்பது இன்னும் எளிது. உங்களுக்குப் பேசக் கிடைக்கிற பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடத்தை, இந்த வேலை தவறாகப் பயன்பட்டால் யாருக்கு வலிக்கும் என்று சொல்ல ஒதுக்குங்கள். நிதி கொடுத்தவர் காவல் துறையோ ராணுவமோ உளவு அமைப்போ என்றால் அதையும் சொல்லுங்கள். நிதி வாங்கியதற்காக உங்களை யாரும் குற்றவாளி ஆக்கவில்லை. இந்த நாட்டில் ஆய்வுக்குப் பணம் எங்கிருந்தெல்லாம் வருகிறது, வராமல் போகிறது என்பது தெரியாதவள் அல்ல நான். மறைப்பதுதான் பிரச்சினை.

இதில் ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒப்பந்தத்தில் இருக்கும் உதவிப் பேராசிரியர், வழிகாட்டியின் கையெழுத்துக்குக் காத்திருக்கும் ஆய்வு மாணவி, இவர்களிடம் போய் “நீ முதலில் பேசு” என்று சொல்வது நியாயமாகாது. முதலில் பேச வேண்டியவர்கள் மூத்தவர்கள். துறைத் தலைவர்கள், இயக்குநர்கள், பெல்லோஷிப் வாங்கியவர்கள், அரசுக் குழுக்களில் இருப்பவர்கள். உங்களை யாரும் வேலையை விட்டுத் தூக்கப் போவதில்லை. நீங்கள் ஒருமுறை பேசிவிட்டால், உங்களுக்குக் கீழே இருப்பவர்கள் அதே கேள்வியைப் பயமில்லாமல் கேட்பார்கள்.

2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு தான் விரும்பும் அமைப்புகளுக்கு அறிவிக்கை மூலம் விலக்கு அளிக்க இடம் கொடுக்கிறது. ஆய்வுக்கும் தனியாக ஒரு விலக்கு இருக்கிறது. ஆகச் சட்டம் உங்களைப் பெரிதாகத் தடுக்கப் போவதில்லை. சட்டம் கேட்காத கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய இடத்தில் இருக்கிறீர்கள்.

அடுத்த பருவத்தின் புராஜெக்ட் எக்ஸ்போக்கள் பிப்ரவரி, மார்ச்சில் தொடங்கிவிடும். நடுவராக உங்களில் பலரை அழைப்பார்கள். மதிப்பெண் தாளைக் கையில் கொடுத்ததும், துல்லியத்துக்கான கட்டத்துக்குக் கீழே பேனாவால் இன்னொரு வரி சேருங்கள்: தரவு யாருடையது, சம்மதம் உண்டா. அதற்குப் பத்து மதிப்பெண் போடுங்கள். அந்த மாற்றத்தை ஏற்பாட்டாளர்களிடமும் சொல்லி, அடுத்த ஆண்டு அச்சிலேயே வரச் செய்யுங்கள்.

அன்புடன்,
பொறியியல் கல்லூரி ஒன்றில் கணினிப் பாதுகாப்பு கற்பிக்கும் ஓர் ஆசிரியை